கெலுபி மேட்டில் கருகிய மூன்றாவது போர்டு

காலை எட்டு மணிக்கு ரோகினி பிணத்தைப் பார்த்தாள்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை, வண்டியிலிருந்து ஏற்கெனவே கழற்றி வைத்தது. நடுவே உட்கார்ந்திருந்த கறுப்புச் சில்லின் முதுகில் மிளகு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. சுற்றிலும் புகைக்கரி. முகர்ந்து பார்த்தாள். கருகிய பிளாஸ்டிக் வாடை இன்னும் போகவில்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் அரிசிமணி அளவில் இரண்டு ரெசிஸ்டர்கள். அவற்றின் காலடியில் பசை பளபளத்தது. தொட்டாள், விரலில் ஒட்டியது. சூட்டில் உருகியிருக்கும் என்று நினைத்துக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"மூணாவது," என்றார் சுகுமாறன்.

செண்டாயான் நகரில் மோட்டார் கண்ட்ரோலர் செய்யும் சின்னப் பட்டறை அவருடையது. ரோகினி அங்கே சோதனை மேசையில் இருப்பவள். அவள் மேசையைத் தாண்டாமல் ஒரு போர்டும் வெளியே போகாது. புக்கிட் கெலுபி தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்ற, சுகுமாறன் ஒரு பேட்டரி வண்டி செய்து கொடுத்திருந்தார். இது வெள்ளோட்டம். நன்றாக ஓடினால் தோட்டம் முழுவதற்கும் வண்டி கேட்பார்கள். ஓடத்தான் மாட்டேன் என்கிறது.

"மூணும் எங்க செத்துச்சு பாஸ்?"

"எல்லாம் இந்த மேட்டுலதான். குலைய ஏத்திக்கிட்டுப் பாதி மேடு வரும். டப்புன்னு ஒரு சத்தம். அவ்ளோதான். இது போர்டு கெட்டதில்ல ரோகினி. கெடுத்தது."

"யாரு?"

பக்கத்தில் நின்ற இராஜமாணிக்கம், தோட்ட வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர், முந்திக்கொண்டார். "வேற யாரு தங்கச்சி? மாயாண்டிதான். எருமை வண்டிக்காரன். இந்த வண்டி வந்தா அவன் பொழப்பு போகுதுல்ல? நேத்து சாயங்காலம் சீட்டுக்கு அடியில கைய விட்டுக்கிட்டு நின்னான். நானே கண்ணால பார்த்தேன். ரெண்டாவது போர்டு போறதுக்கு முந்தின நாளும் அங்கதான் நின்னான்."

தோட்ட மேனேஜர் திருநாவுக்கரசு போலீசுக்குச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு வருவார்கள். வழக்கு என்றால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

"நான் ஆபீசுக்குப் போய் மேனேஜர்கிட்ட விவரம் சொல்லிட்டு வரேன்," என்றார் சுகுமாறன், தான் வந்த காடியின் சாவியை ஆட்டிக்கொண்டே. "நீ இந்தச் செத்த போர்ட மட்டும் எடுத்து வச்சுக்க. வேற எதையும் தொடாதே."

இதற்கு முன் செத்த இரண்டு போர்டுகளையும் அவளிடம் அவர் காட்டவே இல்லை. இன்றைக்குக்கூட மாற்று போர்டு ஒன்றை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு அவள்தான் வலிய வந்தாள். வேற எதையும் தொடாதே என்று சொன்னால் சும்மா இருக்கும் கையா அவளுடையது?

வண்டி ஓட்டும் திலகா மேட்டடியில் தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏறும்போது ஃபுல்லா அமுக்குனீங்களா?"

"அமுக்காம? எறங்கித் தள்ளிக்கிட்டா போவாங்க? குலை என்ன பஞ்சுமிட்டாயா?"

"காலியா வரும்போது?"

"காலியா வந்தா குதிரை மாதிரி ஓடும்லா. ஒண்ணும் ஆகாது."

"மொதல்லேர்ந்தே இப்படித்தானா?"

திலகா யோசித்தாள். "இல்லையே. வந்த புதுசுல இதே மேடு, இதே குலை, சிரிச்சுக்கிட்டே ஏறுச்சு. நடுவுல ஒரு பெரிய மழை வந்துச்சு பாரு, அதுக்கப்புறம்தான் சனியன் புடிச்சுது."

"மாயாண்டி அண்ணன் வண்டிகிட்ட வருவாரா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" பதில் கேள்வியைவிட வேகமாக வந்தது. திலகாவின் கை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் போய்த் தொட்டது.

மாயாண்டி எருமைக் கொட்டகை வாசலில் குந்தியிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். நகரக் கூடாது என்று மண்டோர் சொல்லியிருந்தார். எருமைக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும் அதுவும் நகரவில்லை. சட்டைப் பையில் இருந்த போனில் ஒரு பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நேத்து சாயங்காலம் வண்டிகிட்ட என்ன வேலை?"

"சும்மா."

"சீட்டுக்கு அடியில கைய விட்டீங்களாமே?"

"விட்டேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"போலீஸ் வந்து கேட்டாலும் சும்மான்னுதான் சொல்வீங்களா?"

"அவங்க மலாய்ல கேப்பாங்க. மலாய்லயே சொல்லிட்டாப் போச்சு. சாஜா சாஜான்னு."

ரோகினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். தகரக் கூரை. நான்கு கம்பம். ஒரு விளக்கு இல்லை, ஒரு வயர்கூட உள்ளே வரவில்லை. பையில் பாட்டு மட்டும் நிற்காமல் ஓடியது.

"போன எங்க சார்ஜ் பண்றீங்க அண்ணே?"

மாயாண்டி பையைக் கையால் மூடிக்கொண்டார். பின்னாலிருந்து திலகாவின் குரல்தான் வந்தது. அவள் தொடர்ந்தே வந்திருந்தாள்.

"போதும்ணே. எனக்காக நீ ஜெயிலுக்குப் போக வேணாம். நான்தான் தங்கச்சி சாவி கொடுத்தேன். சீட்டுக்கு அடியில போன் மாட்டுற சாக்கெட் ஒண்ணு இருக்கு. அந்த எரும இருக்கே, பாட்டு போட்டாத்தான் ஒரு அடி எடுத்து வைக்கும். மகாராணி. வண்டிச் சாவிய வேற ஆளுகிட்ட கொடுத்தது தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும். அதான் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு." அவள் குரல் இறங்கியது. "ஏம்மா, அதுல போன் மாட்டுனதாலயா போர்டு போச்சு?"

"இல்லக்கா. அது வேற லைன். போன் மாட்டுனா போர்டுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப யாருதான் செஞ்சா?"

அதுதான் ரோகினிக்கும் தெரிய வேண்டும்.

பத்து மணிக்கு அவள் சீட்டைத் தூக்கினாள். முதல் ஆச்சரியம் அங்கேயே இருந்தது. பட்டறையிலிருந்து வண்டி போனபோது பச்சைப் பலகை கீழே, மோட்டாருக்குப் பக்கத்து அலுமினியப் பெட்டிக்குள், இரண்டு பெரிய டிரான்சிஸ்டர்களோடு ஒட்டி இருந்தது. நடுவில் விரல் நீளத்துக்குத்தான் தடித்த கம்பி. இப்போது காலையில் பலகையைக் கழற்றிய இடம் சீட்டுக்கு அடியில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா. டிரான்சிஸ்டர்கள் கீழேயே இருந்தன. இரண்டுக்கும் நடுவே கறுப்புக் கேபிள்கள் தரைத்தகட்டுக்குள் இறங்கின.

"மண்டோர்ண்ணே, இத யாரு மேல தூக்குனா?"

"நான்தான்," என்றார் இராஜமாணிக்கம், ஒளிக்காமல். "மழையில கீழ தண்ணி பூந்துடுச்சு. ஒங்க பாஸுக்குப் போன் போட்டேன். மேல தூக்கி வைங்க, வயர ஒரு முழம் நீட்டிக்கிட்டா பரவாயில்லன்னு அவருதான் சொன்னாரு."

"காலையில அதச் சொல்லவே இல்லையே?"

"அவரு சொல்லிச் செஞ்சத அவருகிட்டயே எதுக்குச் சொல்லணும்?"

ரோகினி தரைத்தகட்டின் திருகாணிகளைக் கழற்றினாள். கேபிள் போகும் வழியில் தேங்காய் அளவில் ஓர் உருண்டை. பழைய மோட்டார் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தது. பார்க்கிறவர்கள் வயர் இணைப்பு என்றுதான் நினைப்பார்கள். கத்தியால் கீறினாள். உள்ளே கறுப்புக் கேபிள், வளையம் மேல் வளையமாக, அச்சில் வார்த்த மாதிரி அடுக்காக இருந்தது.

"அண்ணே! இது ஒரு முழமா?"

"வெல்டிங் கேபிள் தங்கச்சி. ஸ்டோர்ல இரவல் வாங்குனது. தோட்டத்து ஸ்டோர் சாமான வெட்டுனா கணக்கு எழுதுற கிராணி கொன்னுடுவாரு. நாளைக்கு முழுசாத் திருப்பிக் கொடுக்கணும்ல? அதான் மிச்சத்த மண்வெட்டிப் பிடியில வச்சுச் சுத்தினேன். எப்படி, வளையம் ஒண்ணுபோல இருக்கா?"

"ரொம்ப அழகா இருக்குண்ணே. அதான் பிரச்சினை."

"கம்பி கம்பிதானே? நீட்டா இருந்தா என்ன, சுருட்டி வச்சா என்ன?"

கீறிய சுருளைப் பார்த்தபடி ரோகினி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உட்காராமல் அவளால் விளக்க முடியாது. உட்கார்ந்தாலும் கை சும்மா இராது.

"இங்க பாருங்கண்ணே. ரெண்டு டிரான்சிஸ்டர், பேட்டரியோட பிளஸ் பக்கம் ஒண்ணு, அது மேல உள்ளதுன்னு வச்சுக்குங்க, மைனஸ் பக்கம் ஒண்ணு, அது கீழ உள்ளது. நடுவுலேர்ந்துதான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். ரெண்டும் மாத்தி மாத்தித்தான் தொறக்கணும். ஒரே நேரத்துல தொறந்தா பேட்டரி நேராச் சேர்ந்து எல்லாம் வெந்துடும். யாரு எப்பத் தொறக்கணும்னு சொல்றது இந்தச் சில்லு. மேல உள்ளது சட்டுனு மூடும்போது மோட்டார்ல ஓடுற கரண்ட் நிக்காது. கீழ்ப்பக்கமா வழி தேடி இழுக்கும். அந்த இழுப்புல நடுப்புள்ளி பூஜ்ஜியத்துக்கும் கீழ போயிடும். ஒரு நொடியில கோடியில ஒரு பங்கு மாதிரிதான். கொஞ்சம் கீழ போனா சில்லு தாங்கிக்கும். ஆனா பேட்டரிக் கரண்ட் பலகை வழியாத்தான் டிரான்சிஸ்டருக்குப் போகுது, அந்த வழியில இந்த மாதிரி ஒரு சுருள் இருந்தா, ஒவ்வொரு மூடலுக்கும் அது பிடிச்சு உதைக்கும். பாதாளத்துக்குப் போகும். சில்லுக்குத் தலை சுத்திடும். ரெண்டையும் ஒண்ணாத் தொறந்துடும்."

"டப்," என்றாள் திலகா.

"ஆமாக்கா. டப்."

"காலியா வந்தா?"

"கரண்ட் கம்மி. உதையும் கம்மி. மேட்டுல குலையோட ஏறும்போதுதான் கொலை."

சொன்னால் போதுமா? அவளுக்கே கண்ணால் பார்க்க வேண்டும். மாற்று போர்டை மாட்டி, வண்டியின் பின்பக்கத்தைக் கட்டையில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மெதுவாகச் சுழல விட்டாள். கையில் இருந்த சின்ன அலைகாட்டியின் ஊசியை நடுப்புள்ளியில் வைத்தாள். கிளிப்பைக் கீழ் டிரான்சிஸ்டரின் காலில் மாட்டியபோது திரையில் கோடு பழுதில்லாமல் ஓடியது. கிளிப்பைக் கழற்றி, சுருளுக்கு இந்தப் பக்கம், சில்லு எதைப் பூஜ்ஜியம் என்று நம்புகிறதோ அந்த இடத்தில் மாட்டினாள்.

ஒவ்வொரு அலைக்கும் ஒரு பல் முளைத்தது. பூஜ்ஜியக் கோட்டுக்குக் கீழே, நீளமாக. பாரமே இல்லாதபோது இப்படி.

இராஜமாணிக்கம் திரையையும் சுருளையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் நல்லதுக்குத்தானே தங்கச்சி..."

"தெரியும்ணே."

"அந்தாளு மேல பழிய வேற போட்டுட்டேனே." துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஆக, குற்றவாளி ஒரு கேபிள். ஆளே இல்லாத குற்றம். போலீசுக்கு வேலையில்லை. ரோகினிக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் விரல் நுனியில் ஏதோ பிசுபிசுத்தது. சட்டையில் துடைத்தும் போகாத பசை.

சூட்டில் உருகிய பசை கருகியல்லவா போகும்? இது பளபளத்தது. கையால் ஈயம் வைத்தவன் துடைக்காமல் விட்டால்தான் இப்படி இருக்கும்.

செத்த போர்டை எடுத்துப் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த இரண்டு ரெசிஸ்டர்களும் நாற்பத்தேழு ஓம். மாற்று போர்டைப் பார்த்தாள். பத்து ஓம். அவள் மேசையிலிருந்து போகும் எல்லாப் போர்டிலும் பத்துதான்.

செத்த போர்டைத் தன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு ஆகக் கொஞ்சம் இருக்கும்போதே மேனேஜரின் ஜீப் வந்தது. பின்னால் சுகுமாறனின் காடி. தூக்கி நிறுத்திய வண்டியையும் கீறிக் கிடந்த ரப்பரையும் கண்டதும் சுகுமாறனின் முகம் மாறியது.

"எதையும் தொடாதேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க பாஸ்."

அவள் மேனேஜரிடம் சுருளைக் காட்டினாள், திரையைக் காட்டினாள். திருநாவுக்கரசு குறுக்கே பேசாமல் கேட்டார். சுகுமாறன்தான் பேசினார். "அட, இதுவா? மண்டோர் இவ்வளவு சுத்தி வச்சிருப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நல்லவேளை கண்டுபிடிச்சே ரோகினி. சரி சார், ஒரு தப்பான புரிதல். விட்டுடலாம்."

இங்கே தலையாட்டினால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். அவள் வேலையும் இருக்கும். ரோகினி கொட்டகைப் பக்கம் பார்த்தாள். மாயாண்டி எழுந்து நின்றிருந்தார்.

"பாஸ், ஒரே ஒரு கேள்வி. மூணாவது போர்டுல ரெசிஸ்டர மாத்துனது யாரு?"

"எந்த ரெசிஸ்டர்?"

"சில்லுக்குப் பக்கத்துல இருக்குற ரெண்டும். என் மேசையிலேர்ந்து போகும்போது பத்து. இங்க வந்து சாகும்போது நாப்பத்தேழு. நடுவுல அந்தப் போர்டு உங்க கையில மட்டும்தான் இருந்துச்சு."

"அது... ஒரு சேஃப்டிக்குப் போட்டேன்."

"அதப் பெருசாக்குனா டிரான்சிஸ்டர் மெதுவா மூடும். மெதுவா மூடுனா உதை குறையும். அது இந்த வியாதிக்கு மட்டும் கொடுக்குற மருந்து பாஸ். வேற எதுக்கும் கொடுக்க மாட்டாங்க. யாரோ வந்து கெடுக்குறான்னு நெனச்சிருந்தா நீங்க பூட்டு வாங்கியிருப்பீங்க. ரெசிஸ்டரத் தொட்டிருக்க மாட்டீங்க."

எங்கோ ஒரு செம்பனை மட்டை ஒடிந்து விழும் சத்தம் கேட்டது.

"சந்தேகம்தான் இருந்துச்சு," என்றார் சுகுமாறன், கடைசியில். "ஒரு முழம் நீட்டச் சொன்னது தப்போன்னு. உறுதியாத் தெரியல. டிசைன்ல கோளாறுன்னு வெளிய வந்தா இந்த ஆர்டர் அவ்வளவுதான். பட்டறைய மூடணும். உனக்கும் சேர்த்துத்தான் பார்த்தேன்."

"உங்க வயரு விஷயம் உறுதியாத் தெரியல. மாயாண்டி அண்ணன் விஷயம் மட்டும் எப்படி பாஸ் உறுதியாத் தெரிஞ்சுது?"

திருநாவுக்கரசு தொண்டையைச் செருமினார். "வாயால சொல்றதெல்லாம் சரி. வண்டி ஏறட்டும், பார்க்கலாம். ஏறலைன்னா போலீஸ் வரட்டும்."

ரோகினி சுருளை அவிழ்த்து எறிந்தாள். பலகையைக் கீழே பழைய இடத்தில், டிரான்சிஸ்டர்களோடு ஒட்ட வைத்து, விரல் நீளக் கம்பியில் பிணைத்தாள். டப்பாவைத் தண்ணீர் படாமல் அதன்மேல் கவிழ்த்துக் கட்டினாள். மிச்சம் இருந்தது இந்த ஒரே போர்டுதான்.

குலை ஏற்ற ஆள் தேடியபோது மாயாண்டி வந்தார். ஒவ்வொரு குலையாகக் கொக்கியில் குத்தித் தூக்கி வண்டியில் போட்டார். வழக்கமாக ஏற்றுவதைவிட இரண்டு அதிகமாகவே போட்டார். அப்போதுதான் ரோகினிக்கு உறைத்தது. வண்டி ஏறாவிட்டால் இவர் திருடனைப் போல போலீஸ் வண்டியில் போவார். ஏறினால் நிரபராதி, ஆனால் நாளை முதல் இந்த மேட்டுக்கு எருமை வேண்டாம். அதைத் தெரிந்துகொண்டேதான் ஏற்றுகிறார்.

"போதும்ணே," என்றாள்.

"போதாது. பாதியா ஏத்திப் பார்த்தா அப்பறம் ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க." கடைசிக் குலையைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

திலகா அழுத்தினாள். வண்டி முனகியது. மேட்டின் பாதி வந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. வண்டி அதே முனகலோடு மேலே போய், உச்சியில் திரும்பி நின்றது. திலகா இரண்டு கையையும் தூக்கி எதையோ கத்தினாள். கீழே யாருக்கும் கேட்கவில்லை.

திருநாவுக்கரசு போனை எடுத்துப் போலீசை வர வேண்டாம் என்றார். இராஜமாணிக்கம் மாயாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார். "விடுலா, விடு," என்றார் மாயாண்டி. சுகுமாறன் காடியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, "நாளைக்குப் பட்டறைக்கு வா, பேசிக்கலாம்," என்று ரோகினியிடம் சொல்லிவிட்டு அவளை ஏற்றாமலே போய்விட்டார். பேச என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையில் ஒட்டிய பசையைப் புல்லில் தேய்த்தாள்.

மாயாண்டி எருமையை அவிழ்த்துக்கொண்டு அவள் பக்கமாக வந்தார்.

"ஏம்மா, கீழ அந்தச் சதுப்பு, பாயா இருக்குல்ல, முட்டி வரைக்கும் சேறு. ஒன் வண்டி அங்க எறங்குமா?"

"எறங்காதுண்ணே. சக்கரம் பொதைஞ்சுடும்."

"எப்பவுமே எறங்காதா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு இந்த மனுஷருக்கு அந்த ஒரு சொல் போதும். ரோகினி உதட்டைக் கடித்தாள்.

"அகலமா சக்கரம் போட்டா எறங்கும். அதுக்குப் படம்கூட வரைஞ்சாச்சு."

"ஒங்க பாஸா வரைஞ்சாரு?"

"இல்லண்ணே. நான்."

மாயாண்டி சிரித்தார், முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு.

"அத முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் வா. சேத்துக்குள்ள எறங்கிப் பாரு. எங்க பொதையும், எங்க பொதையாதுன்னு இவளுக்குத்தான் தெரியும்." எருமையின் கழுத்தைத் தட்டினார். பையிலிருந்த போனை அழுத்த, பாட்டு தொடங்கியது. எருமை ஓர் அடி எடுத்து வைத்தது. இருவரும் பாயாவை நோக்கி இறங்கினார்கள். காலையில் வெட்டிய குலைகள் அங்கே இன்னும் சேற்றில்தான் கிடந்தன.